சீயக்காய் போட்டுக் கழுவிய தோணி

மாடு வாங்க வாணியங்குளம் சந்தைக்குப் போன அப்பா, தோணி வாங்கிக்கொண்டு திரும்பினார். எழுபதுகளின் தொடக்கம், ஒரு கார்த்திகை மாதம். கோயமுத்தூருக்குத் திரும்பும் காலி லாரியில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்து, வாளையார் செக்போஸ்ட்டுக்கு இரண்டு மைல் முன்னால் இறக்கினார்கள். அங்கிருந்து எங்கள் ஊருக்கு மாட்டு வண்டியில் வந்தது. வண்டியைவிடத் தோணி நீளம். முன்னால் மாடுகளின் தலைக்கு மேலேயும் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கும் நீட்டிக்கொண்டிருந்தது.

டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்க, கடலு எதுவரைக்கும் வந்திருச்சுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்து வாங்குவாங்க. இதுக்கு எதைப் புடிச்சுப் பாத்தீங்க?" என்றார் இன்னொருவர்.

அப்பா சிரிக்கவில்லை. "சிரிங்கப்பா, சிரிங்க. நாளைக்கு எவனெவன் வந்து, என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்கன்னு நிக்கறான்னு பாக்கறேன்" என்றார்.

அவருக்குக் காரணம் இருந்தது. அணை கட்டியதில் எங்கள் விவசாயக் காட்டில் ஆறு ஏக்கர் தண்ணீருக்கு அக்கட்டே, அந்தப் பக்கம், போய்விட்டது. கோடையில் காய்ந்த சேற்றின் மேல் நடந்தே போகலாம். தண்ணீர் ஏறிவிட்டால் கரையைச் சுற்றி ஐந்து மைல். ஏர், விதை, எரு எல்லாவற்றையும் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். ஊரில் முதலில் மோட்டார் வைத்தவர் அப்பா. முதலில் ரேடியோ வாங்கியவரும் அவர்தான். தோணியும் அந்த வரிசையில் சேர்ந்தது.

தோணியோடு ஒரு ஆளும் வந்தார். பட்டாம்பிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக்காரர். முப்பது வயது இருக்கும். ஒரு மாதம் இருந்து தோணி விடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தார். எங்கள் பண்ணையாட்கள் யாருக்கும் அது கைவரவில்லை. கம்பை ஊன்றினால் தோணி இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. அப்பாவுக்கு நீச்சலே தெரியாது. அதனால் வந்த தோணிக்காரரையே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கிணற்றடி மோட்டார் ரூமில் தங்கினார். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும்.

அப்போது எங்கள் வீட்டில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மாசியில் தண்ணீர் இறங்கியதும் தோணியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி நிற்கும் ஓலைக் கொட்டகையான சாளையைத் தோணிக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். அந்தச் சாளை எங்கள் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி இருந்தது.

தோணியை அவர் வைத்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தேங்காய் நாரும் பச்சைத் தண்ணீரும் மட்டும் கொண்டு சேறு முழுவதையும் தேய்த்து எடுத்தார். பலகை இடுக்கில் ஒட்டியிருந்த பாசியை ஈர்க்குச்சியால் கிளறினார். மூன்று நாள் நிழலில் காயவிட்டார். இரண்டு பனந்துண்டுகளைப் போட்டு அவற்றின் மேல் தோணியைக் கவிழ்த்தார். அடியில் காற்றுப் போக ஒரு முழம் இடம் விட்டார். கறையான் ஏறாமல் இருக்கத் துண்டுகளைச் சுற்றிச் சாம்பல் கொட்டினார். அந்தத் தோணியில் ஆணியே கிடையாது. பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்திருந்தார்கள். தையல் கயிறு ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு தகர டின்னைத் திறந்து, பழந்துணியை முக்கி முக்கித் தோணி முழுவதும் பூசினார்.

மீனெண்ணெய்.

எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததே இல்லை. மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்குக் கிடாய் வெட்டினால்கூட, தோட்டத்தில் தனியாகக் கல்லடுப்புக் கூட்டித்தான் சமைப்பார்கள். கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் மத்தி மீனின் எண்ணெய் வாசம் வந்து குடியிருந்தது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். காய்ச்சிய பாலில் வந்தது. கொடியில் காய்ந்த துணியில் வந்தது.

அம்மா முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு சாளைக்குப் போனாள்.

"ஏப்பா, வேற எண்ணெயே இல்லியா? வெளக்கெண்ணெ தாரேன், வேப்பெண்ணெ தாரேன். இந்தக் கருமத்த எதுக்குப் பூசறே?"

அவர் சிரித்தார். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். "அம்மே, தோணிக்கு இதாணு சோறு. ரண்டு காரியம் மாத்திரம் பாத்தாப் போதும். வெயில் கொள்ளருது. எண்ணெய் போகருது. அது ரண்டும் செய்தா, நூறு கொல்லம் கெடக்கும்."

வெயில் படக்கூடாது, எண்ணெய் போகக்கூடாது, அப்படிப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் கிடக்கும். ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டது.

அப்பாவுக்கு அந்த வாசம் ஒரு பொருட்டாக இல்லை. அவர் மூக்குப்பொடி போடுகிறவர். எனக்குத்தான் தாங்கவில்லை. ஒருநாள் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என்னோடு படித்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் சடையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ஏனாயா, உங்கூட்டுல மீன் சோறு ஆக்கறீங்களாமா?" என்றாள். அவள் சத்தமாகச் சொன்னதில் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'இல்லை, அது தோணிக்குப் பூசுவது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதும் நாலு பேர் நடுவில் வாய் வராது. கல்மண்டபம் ஸ்டாப்பில் இறங்கும்வரை குனிந்தே இருந்தேன். அன்றிலிருந்து தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

வைகாசியில் என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தகவல் வந்தது. நல்ல குடும்பம், தோப்பும் துரவும் உள்ளவர்கள். வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சமையல்கட்டுக்கும் சாளைக்கும் புது ஓலை போடுவது என்று முடிவாயிற்று.

அதே வாரம் தோணிக்காரர் ஊருக்குக் கிளம்பினார். அவருடைய மனைவிக்குப் பேறுகாலம். தண்ணீர் ஏறும்வரை இங்கே அவருக்கு வேலையும் இல்லை. போவதற்கு முன்னால் தோணிக்கு இரண்டாம் முறை எண்ணெய் போட்டார். மிச்சத்தை டின்னோடு மூடிச் சாளை மூலையில் வைத்தார். தண்ணீரில் இறக்குவதற்கு முன்பு ஒருமுறை பூச வேண்டுமாம். அம்மாவிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஆடிக்கு மேலே, அவளையும் குஞ்ஞினையும் இங்ஙோட்டு கொண்டுவரட்டே, அம்மே? மோட்டார் ரூம் போதும் எங்களுக்கு. அங்கே இப்ப பாலம் வந்நு. கடத்துக்கு ஆளே இல்லா."

ஆற்றின் மேல் பாலம் கட்டிவிட்டதால் அங்கே தோணியில் கடக்க ஆள் வருவதில்லை, பிழைப்புப் போய்விட்டது, பெண்டாட்டி பிள்ளையை இங்கே அழைத்துவர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அம்மா சரி என்றாள். தூளி கட்ட ஒரு பழைய நூல் சேலை தருவதாகவும் சொன்னாள். அவர் அன்றைக்கே மோட்டார் ரூம் விட்டத்தில் தூளிக்கு ஒரு கொக்கி அடித்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது ஜன்னலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "குட்டி, கூரை பிரிக்கும்போ தோணிமேலே வைக்கோல் இட்டு மூடணம். மறக்கருது, கேட்டோ?"

நான் தலையை ஆட்டினேன்.

ஓலை பிரித்த அன்று வைக்கோல் போட்டு மூடினேன். உண்மையாகவே மூடினேன். அதன்பின் புது ஓலை வர நாளாயிற்று. சாளைக்கு மேலே வானம்தான். கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. வைக்கோலுக்குள் சூடேறி அந்த நாற்றம் முன்பைவிட இரண்டு பங்காக வந்தது. பெண் பார்க்க ஒரம்பரை, உறவாகப் போகிறவர்கள், வர ஆறு நாள் இருந்தது.

அம்மா சமையல்கட்டில் நின்று முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். "அவிய வந்து படியேறுனதுமே மூக்கப் புடிச்சுக்கிட்டுத் திரும்பிருவாங்க. மீன் திங்கற ஊட்டுல பொண்ணெடுத்தோம்னு பேராயிரும். சாம்பிராணி போடச் சொல்றாரு உங்கப்பன். சாம்பிராணியும் மீனும் சேந்தா எப்படி இருக்கும்னு அவருக்கென்ன தெரியும்?"

நான்தான் சொன்னேன், கழுவிவிடலாம் என்று. அம்மா சொன்னதாகக்கூடச் சில வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது நான்.

அப்பா அன்று சம்பந்தம் பேசியவரைப் பார்க்க ஆனைமலைக்குப் போயிருந்தார். ஆட்கள் அக்கட்டக் காட்டில் இருந்தார்கள். அம்மா வெந்நீர் அண்டாவை மூட்டிக் கொடுத்தாள். வைக்கோலை இழுத்துப் போட்டுவிட்டு, முதலில் அடுப்புச் சாம்பல், பிறகு அரைப்படி சீயக்காய். பித்தளை அண்டா தேய்ப்பதுபோல் தேய்த்தேன். எண்ணெய் கறுப்பாக வழிந்தது. தையல் கயிற்றுக்குள் ஊறியிருந்ததைத்தான் எடுக்க முடியவில்லை. வெந்நீரை ஊற்றி ஊற்றி, பழைய சீப்பின் பல்லால் கயிற்றை வாரினேன். ஜடையைக் கழுவுவதுபோலவே இருந்தது. அம்மா அவ்வப்போது வந்து, "மூக்குப் பக்கம் இன்னும் நாறுது பாரு, நல்லாத் தேயி" என்றாள். பொழுதோடு தோணி வெளுத்து, புது மரம்போல் நின்றது. மிச்சம் இருந்த டின்னை எருக்குழியில் கவிழ்த்துவிட்டு, டின்னையும் அதிலேயே புதைத்தேன்.

வைக்கோலைத் திரும்பப் போடவில்லை.

எங்கள் பக்கத்தில் எதற்கும் வெயில்தான் மருந்து. கடலை, மிளகாய், சோளம், பாய், தலையணை, பிள்ளை பெற்றவளின் துணி, எல்லாம் வெயிலில் காய்ந்தால் சுத்தம். ஈரம்தான் கெடுதல். காய்ந்தது எதுவும் கெடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. வெயிலில் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதை, எங்களை மிரட்டுவதற்குச் சொன்ன ஏதோ ஆற்றங்கரைச் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து பகல் அது வெயிலில் கிடந்தது. கல்யாண வேலை அலைச்சலில் அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சாளையில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஓலை வந்து வேய்ந்தார்கள். ஆறாம் நாள் அவர்கள் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பேச்சுக்காரர். எதைப் பார்த்தாலும் ஒரு கேலி சொல்வார். கிணறு, மாடு கட்டும் கட்டுத்தரை எல்லாம் பார்த்துக்கொண்டு தன் அக்காவோடு சமையல்கட்டுப் பக்கம் வந்தவர், சாளை முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். அப்பா முன்வாசலில் மற்றவர்களோடு இருந்தார். அம்மாவும் நானும் கதவுக்கு உள்ளே.

"அக்கா, இங்க வந்து பாரு. தோணி சீயக்கா மணக்குது. எண்ணெ தேச்சுக் குளிக்க ஊத்தியிருக்கறாங்க. இந்த ஊட்டுல பொண்ணு எடுத்தா, நம்மூட்டு வண்டிக்கெல்லாம் தீபாவளிதான் போ!"

மாப்பிள்ளையின் அம்மா அவர் தோளில் தட்டினாள். அம்மா வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகச் சிரித்தாள். "காப்பி ஆறுதுங்க, வாங்க" என்று அவர்களை முன்பக்கம் அழைத்துப் போனாள். நான் தட்டை எடுத்துப்போய் வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா சொன்னது எனக்குக் கேட்டது: "வாயே தொறக்காத புள்ள. அதுதானுங்க நமக்கு வேணும்."

ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனியில் நல்ல மழை. ஆடி பிறக்கும்போது அணை பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்கு அன்று தோணியை இறக்கி, அக்கட்டக் காட்டுக்கு விதைக்கடலை கொண்டுபோய் அன்றைக்கே விதை போட வேண்டும் என்று அப்பா நாள் குறித்திருந்தார். அன்று ஊர் முழுவதும் கரைக்கு வரும். கட்டுச்சோறு, கும்மி என்று திருவிழாபோல் இருக்கும். சிரித்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

பதினாறாம் தேதி மத்தியானம் தோணிக்காரர் வந்தார். வாசலிலிருந்தே, "பெண்குஞ்ஞாணு, அம்மே!" என்றார். அம்மா வாங்கி வைத்திருந்த சர்க்கரையை அவர் கையில் கொடுத்தாள். நூல் சேலையையும் மடித்துக் கொடுத்தாள். அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சாளைக்குப் போனார்.

நான் ஜன்னலில் நின்றேன். அவர் தோணியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். கையை முகர்ந்தார். தையல் கயிற்றை இழுத்தார். அது நாராகப் பிரிந்து வந்தது. குனிந்து கீழே போய், உள்ளிருந்து மேலே பார்த்தார். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடுகோடாகத் தெரிந்திருக்க வேண்டும். மூலையில் டின்னைத் தேடினார். அதன்பின் வெளியே வந்து ஜன்னலைப் பார்த்தார்.

"ஆராணு குட்டி இது கழுகியது?"

"தெரியாதுங்க" என்றேன்.

நான் அவரிடம் முழுசாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். முன்பும் பேசியதில்லை, பின்பும் இல்லை.

அவர் அப்பாவிடம் போய், பலகை விலகியிருக்கிறது, நாலு நாள் தண்ணீரில் அமுக்கி ஊறவைக்க வேண்டும், புதிதாக எண்ணெயும் வேண்டும் என்றார். நாலு நாளில் பலகை ஊதிச் சேர்ந்துகொள்ளுமாம். அப்பா கேட்கவில்லை.

"பதினெட்டுக்கு எறக்கறேன்னு ஊருக்கே சொல்லிப்புட்டேன். வெதை நாளு. ரெண்டு மாசமா ஊட்டுல படுத்துக்கிட்டு இப்ப வந்து ஊறப்போடறேங்கறே. ரெண்டு நா ஊறப்போடு, போதும்."

அவர் அன்றே அதைக் கரைக்குக் கொண்டுபோய், கல் ஏற்றித் தண்ணீரில் அமுக்கினார். ஒன்றரை நாள்தான் கிடைத்தது. கிடைத்த கயிற்றை வைத்து, தண்ணீரில் நின்றபடியே இரவும் பகலும் தைத்தார் என்று ஆட்கள் சொன்னார்கள்.

பதினெட்டு அன்று கரையில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமனும் பழம், பூவோடு வந்திருந்தார். அப்பா புது வெள்ளை வேட்டி கட்டி, தோணியின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டு ஏறினார். இரண்டு மூட்டை விதைக்கடலையும் ஏறியது. டீக்கடைக்காரர், "ஏனுங்க, சிங்கப்பூரு போய்ச் சேந்ததும் தபால் போடுங்க!" என்றார். அன்று அப்பாவும் சிரித்தார். தோணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பை ஊன்றும்போதே அவர் பார்வை அடிப்பலகையில் இருந்தது.

ஐம்பது அறுபது அடி போயிருக்கும். நின்றுகொண்டிருந்த அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். அப்புறம் மூட்டை மேல் ஏறி நின்றார். தோணிக்காரர் கம்பை விட்டுவிட்டு டப்பாவால் தண்ணீரை வாரி இறைத்தார். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் விளிம்புவரை அமுங்கியது. மூட்டைகள் உருண்டன. அவர் குதித்தார். அவருக்கு அங்கே கழுத்தளவு தண்ணீர். அப்பாவை இழுத்துத் தன் தோள்மேல் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தார்.

அப்பா பத்திரம் என்று தெரிந்ததும் ஒரு குழந்தை, "அய்யா ஆனமேல வாராங்க!" என்று கத்தியது. கரை முழுவதும் சிரித்தது. நனைந்த வேட்டி தொடையில் ஒட்ட, மனிதர் தோளில் காது குத்துப் பிள்ளைபோல் உட்கார்ந்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு அப்பா வந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. ஆள் இல்லாத அக்கட்டக் கரையிலாவது இறங்கியிருக்கலாம் என்று பிறகு ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாய்மாமன் பக்கத்தில். அம்மாவும் நானும் நிலைப்படியில். தோணிக்காரர் ஈரத்தோடு வாசலில் நின்றார்.

"எண்ணெ போட்டேன்னியே, போட்டியா?"

"போட்டு, முதலாளி. ரண்டு வட்டம் போட்டு."

"அப்பறம் எப்படி ஊத்துச்சு? மிச்சம் டின்னுல இருக்குதுன்னியே, டின்னு எங்க?"

"காணுந்நில்லா."

"போடாமயே போட்டேன்னு பொய் சொல்லிப்போட்டு, எண்ணெய வித்துத் தின்னுட்டு ஊருக்குப் போயிட்டே."

அவர் நிமிர்ந்தார். "அல்ல, முதலாளி. ஆரோ கழுகியிட்டுண்டு. வெயிலும் கொண்டிட்டுண்டு."

"என்ர ஊட்டுல தோணியக் கழுவறதுக்கு ஆருக்குடா பைத்தியம் புடிச்சிருக்குது?" அப்பா திரும்பினார். "நீங்க ஆராச்சும் தொட்டீங்களா?"

அம்மா உடனே சொன்னாள்: "எங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கையோடு கேட்டார். "அம்மிணி, நீ ஜன்னல்லயே நிப்பியே. ஆராச்சும் கழுவுனதப் பாத்தியா?"

தாய்மாமன் அப்போது என்னைப் பார்த்தார். அவர் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு இருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் பார்த்தார். அவர் எங்கள் ஒரம்பரை ஆகிவிட்டார். வாசலில் நின்றவர் மட்டும்தான் ஒரம்பரை இல்லை.

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கல்யாணம் என் நினைவிலேயே இல்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களே, இப்போது வாய் திறந்து பேச வேண்டுமே என்ற கூச்சம்தான் இருந்தது. தலையை ஆட்டுவது சுலபமாக இருந்தது.

தோணிக்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "வேண்டா, முதலாளி. குட்டியோடு சோதிக்கண்டா. ஞான் போக்கோளாம்" என்றார். அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டாம், நான் போய்விடுகிறேன் என்று.

நாலு மணி பஸ்ஸுக்கு அவர் போனார். மோட்டார் ரூம் திண்டில் நூல் சேலையை மடித்த மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா கொஞ்ச நாள் அதைத் தொடவில்லை. பிறகு கைப்பிடித்துணிக்குக் கிழித்துக்கொண்டாள். விட்டத்தில் அடித்த கொக்கியில் ஆட்கள் லாந்தர் மாட்டினார்கள்.

தோணியை அப்பா தண்ணீரிலிருந்து எடுத்துவரச் சொன்னார். அதன்பின் அதைத் தண்ணீரில் விடவே இல்லை. குறுக்கே பலகை அடித்து மாட்டுக்குத் தீனித் தொட்டியாகக் கட்டுத்தரையில் போட்டுவிட்டார்கள். கல்யாணமாகி அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சந்தனம் வைத்த அந்த மூக்குப் பக்கமாக எருமை தலையை நீட்டித் தவிடு தின்பதைப் பார்ப்பேன். அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அப்பா இருந்தவரை அவரிடமும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை சொல்லத் தோதாக இருந்தது. தோணிக்காரனை நம்பி மோசம் போனேன் என்று அவர் யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

தாய்மாமன்தான் சொன்னார். கல்யாணமான மூன்றாம் மாதமே, என் மாமியார் வீட்டில், அப்பா இல்லாத ஒரு விருந்தில் எல்லாருக்கும் நடுவே. கேலியாகத்தான். தோணிக்குச் சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்தவள் என்று. வீடே சிரித்தது. அதிலிருந்து அவர் என்னைச் சீயக்காம்மிணி என்றுதான் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரும் நல்ல மனநிலையில் இருந்தால் அப்படிக் கூப்பிடுவார். அந்தக் கதையில் தோணி மூழ்கும், மாமனார் யானைச் சவாரி வருவார், எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு மனிதர் திருட்டுப் பட்டத்தோடு போனது அந்தக் கதையில் வராது. அவர்கள் விட்டதை நானும் சேர்க்கவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, மகளுக்குத் துலாபாரம் கொடுக்க குருவாயூர் போனோம். பஸ் பட்டாம்பிப் பாலத்தில் ஏறும்போது முன்னால் ஏதோ வண்டி நின்று, பாலத்தின் நடுவிலேயே எங்கள் பஸ்ஸும் நின்றுவிட்டது. கோடை. ஆற்றில் பாதிக்கு மேல் மணல். கரையோரம் ஓலைப் பந்தலுக்குக் கீழே ஐந்தாறு தோணிகள் கவிழ்ந்திருந்தன. ஒரு ஆள் குனிந்து துணியால் எதையோ பூசிக்கொண்டிருந்தார். சட்டையில்லாத முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.

காற்று திரும்பியதும் அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

"அம்மா, என்ன நாத்தம் இது?" என்று மகள் கேட்டாள்.

வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்கம்மாவக் கேளு. அவளுக்குத்தான் தெரியும். ஏனாயா, எறங்கி ஒரு அரைப்படி சீயக்கா குடுத்துட்டு வாரயா?"

பஸ் இன்னும் கிளம்பவில்லை. பாலம் முடிகிற இடத்தில் மணலுக்கு இறங்கும் படி இருந்தது. அந்த முதுகு அவருடையதுதானா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் இருந்து கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார், தெரிந்துபோயிருக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூப்பிட்டது யார் என்று பார்த்திருப்பார்கள்.

மகள் சிரித்தாள். அவள் அப்பா சிரித்தார். நானும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தேன்.